உன் மாமாவின் கேக் பெட்டிகள் பற்றி

புதன்கிழமை மத்தியானம், கடையிலிருந்து

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் எழுந்து நடமாடிக்கிட்டுதான் இருக்கோம், உங்கப்பா முழங்கால் மழை வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடியே மழையைச் சொல்லிடுது, எனக்கு வழக்கம்போல அந்தத் தோள்பட்டை. உனக்கு சளி விட்டுப்போச்சுன்னு சொன்னே, ஆனா குரல் இன்னும் தொண்டைக்குள்ள இருந்துதான் வருது, ஈரத் தலையோட வேலைக்கு ஓடாதே, தலையைத் துவட்டிட்டு ஓடு. ஞாயித்துக்கிழமை போன்ல நீ ஒண்ணு கேட்டியே, மாமா ரொம்ப அழுதார், அவரை மன்னிச்சு விடக்கூடாதாம்மான்னு, அதுக்கு நான் ஓவன்ல ட்ரே இருக்குன்னு சொல்லி போனை வச்சுட்டேன். ஓவன்ல ட்ரே எதுவும் இல்ல. நான் ஸ்டூல்ல உக்காந்து சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். இதைப் போன்ல சொன்னா நடுவுல நீ அழுவே, நடுவுல நான் கத்துவேன், உங்கப்பா நடுவுல புகுந்து போனைப் பிடுங்கி அங்க குளிர் எப்படின்னு கேப்பார். அதனால எழுதறேன். புது வேலையில சேர்ந்த பொண்ணுக்கு எதுக்கு இந்தத் தலைவலின்னு இவ்வளவு நாள் சின்ன மனஸ்தாபம்னு சொல்லி மழுப்பினேன். அது சின்னதும் இல்ல, மனஸ்தாபமும் இல்ல. முழுசாப் படிச்சுட்டு அப்புறம் உன் மாமாவுக்காகப் பேசு.

கடையில பிளாஸ்டிக் பையையும் தெர்மாகோல் தட்டையும் நிறுத்தினது நீ சொல்லித்தான், காலேஜ் கடைசி வருஷம் என்னை நிக்க வச்சு வகுப்பு எடுத்தியே. நிறுத்திட்டேன், ஆனா கேக்கை எதுல போட்டுக் கொடுக்கறதுன்னு தெரியாம முழிச்சேன். வெறும் அட்டைப் பெட்டின்னா வெண்ணெய் ஊறி அடி கறுத்துப்போகும், கிரீம் கேக் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பெட்டி தொளதொளன்னு ஆயிடும். அப்பதான் உன் மாமா வந்தான். அதுவரைக்கும் செருப்புக்கும் பல்புக்கும் பெட்டி செஞ்சுக்கிட்டு இருந்தவன், கையில ஒரு வெள்ளைப் பெட்டியோட வந்து இதே கவுண்டர்ல வச்சான். கரும்புச் சக்கையில செஞ்சது அக்கா, உள்ள இருக்கறது சோள மாவுப் பூச்சு, மண்ணுல போட்டா தொண்ணூறு நாள்ல மண்ணாயிடும்னான். மூடி மேல ஒரு பச்சை இலை அச்சடிச்சிருந்தான். என் தம்பி, நான் இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு சோறு ஊட்டினவன், அவன் சொன்னா நான் எதுக்கு சந்தேகப்படப் போறேன், முதல் ஆர்டர் நான்தான் கொடுத்தேன். நான் வாங்கறேன்னு பார்த்துத்தான் இந்தத் தெருவுல மத்த கடைக்காரங்களும் வாங்கினாங்க. வெளியூர்ல இருந்து யார் பெட்டி பார்க்க வந்தாலும் நேரா என் கடைக்குக் கூட்டிட்டு வருவான், எங்க அக்கா கடையே இதுலதான் ஓடுதுன்னு சொல்லுவான், நானும் பல்லைக் காட்டிக்கிட்டு ஆளுக்கொரு பன் கொடுப்பேன். வாங்கிட்டுப் போற ஒவ்வொருத்தர்கிட்டயும், பெட்டியைக் குப்பையில போடாதீங்க, கிழிச்சு பூந்தொட்டியில போடுங்கன்னு என் வாயாலயே சொன்னேன். ரெண்டு வருஷம் சொன்னேன் தங்கம்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆள். பின்தெரு பள்ளிக்கூடத்துல தோட்டம் பார்த்துக்கற டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க, வாராவாரம் பிள்ளைங்களுக்கு பிஸ்கட் வாங்க வருவாங்க. அன்னைக்கு கையில ஒரு பக்கெட்டைத் தூக்கிட்டு வந்தாங்க. வந்ததும் பக்கெட்டை அப்படியே என் கவுண்டர்ல கவுத்தாங்க. பார்த்தா வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசா, மண் ஒட்டின சவ்வு சவ்வா ஒரு குவியல். ஆறு மாசமா பிள்ளைங்க உங்க பெட்டியைக் கிழிச்சு உரக்குழியில போட்டாங்கம்மா, அட்டை போச்சு, இது போகல, அந்த உரத்தைப் போட்ட பாத்தி பூரா இதுதான், பிள்ளைங்க விரலால ஒவ்வொண்ணா பொறுக்குதுங்க, எங்களை எதுக்கு ஏமாத்தினீங்கன்னாங்க. நான் ஒண்ணை எடுத்து இழுத்துப் பார்த்தேன். ரப்பர் மாதிரி நீளுது, கிழியல. பிளாஸ்டிக். சோள மாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கடையில நின்ன அத்தனை பேரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க. அதுல ஒருத்தர் போன்ல படம் வேற எடுத்துட்டார், அது மறுநாளே ஊர் சுத்திடுச்சு.

உன் மாமாவைக் கூப்பிட்டேன். வந்தான், சவ்வைப் பார்த்தான், முகத்துல ஈயாடல, ஆனா ஒரு நிமிஷத்துல சுதாரிச்சுக்கிட்டு டீச்சர் குழியில சூடு பத்தலக்கான்னான். குழியில என்னடா சூடு, அது என்ன ஓவனான்னு கேட்டேன். நீ பதறாதே, நான் பார்த்துக்கறேன்னு என் தோளைத் தட்டிட்டுப் போனான். எப்படிப் பார்த்துக்கிட்டான்னு கேளு. ரெண்டு வாரம் கழிச்சு கடைக்காரர் சங்கத்துல கூட்டம் போட்டு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. நம்ம கடைக் கண்ணாடியில, இது சுத்தமான பொருள்ல பொட்டலம் கட்டற கடைன்னு சங்கம் ஒட்டின பச்சை ஸ்டிக்கர் இருந்ததே, அதை வச்சுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண. நான் என் தம்பி பக்கத்துலதான் போய் உக்காந்தேன், அவன் குடிக்க தண்ணி பாட்டிலைக்கூட திறந்து கொடுத்தேன். அவன் எழுந்து நின்னான். என் ஃபாக்டரிப் பெட்டியில பிளாஸ்டிக் கிடையாது, எங்க அக்காவுக்குக் கொஞ்ச நாளா வியாபாரம் சுருங்கிப்போச்சு, எங்கயோ சந்துல விக்கற போலிப் பெட்டியை வாங்கி என் முத்திரையைக் குத்தி வச்சிருக்காங்க, வயசாயிடுச்சு, என்ன செய்யறோம்னு தெரியாம செஞ்சிருப்பாங்க, தயவுசெஞ்சு எல்லாரும் அவங்களை மன்னிச்சு விட்டுடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டான்.

புரியுதா உனக்கு. என் சார்பா எனக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்தான் என் தம்பி. சங்கச் செயலாளர் எழுந்து, இந்தக் காலத்துல இப்படி ஒரு தம்பியான்னு அவன் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். எனக்கு நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. தண்ணி பாட்டில் மூடி மட்டும் என் உள்ளங்கையில இருந்தது, அதை இறுக்கி இறுக்கி வட்டமா தழும்பே விழுந்துடுச்சு. மறுநாள் சங்க ஆபீஸ்ல இருந்து ஒரு ஆள் பிளேடோட வந்து, வாடிக்கையாளர் எல்லாம் நிக்கறப்பவே, அந்த ஸ்டிக்கரைச் சுரண்டினார். பாதிதான் வந்தது, மீதி பசையோட நின்னுது, நாளைக்கு வந்து மிச்சத்தை எடுக்கறேன்மான்னு போனவர் வரவே இல்ல. அந்தப் பசையில தூசி ஒட்டி ஒட்டி கறுப்பா ஒரு அசிங்கம். உங்கப்பா துடைக்கறேன்னார். தொடாதீங்கன்னேன். தினமும் கடை திறக்கறப்ப அதைப் பார்த்துட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவேன், என் வயித்தெரிச்சல் ஒரு நாள்கூட ஆறிடக் கூடாதுன்னு.

உங்கப்பாவை உனக்குத் தெரியும், முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன், எந்தச் சண்டையிலயும் நடு மாடியிலயே நின்னுடுவார். அவன் உன் தம்பி, நீ அவன் அக்கா, நடுவுல நான் யாருன்னு கேட்டார். சும்மா இருங்கன்னேன். அப்படி இருக்கறப்ப ஒரு நாள் டீச்சர் கவுத்த குவியல்ல இருந்து, மக்காம கொஞ்சம் அட்டை ஒட்டியிருந்த ஒரு துண்டைக் கழுவிக்கிட்டு இருந்தேன், அடிப்பக்கம் பொடி எழுத்துல என்னமோ இருந்தது, கண்ணாடியைப் போட்டுப் படிச்சேன். பயன்படுத்திய பெட்டிகளை எங்களிடமே திருப்பித் தாருங்கள், ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொள்வோம்னு போட்டு, கீழ அவன் ஃபாக்டரி விலாசம், அதுக்குக் கீழ ஒரு நம்பர், எந்தத் தொகுதியில செஞ்ச பெட்டின்னு. உள்ள எடுத்து வச்சிருந்த டெலிவரி சீட்டு ஒண்ணைப் பார்த்தேன். அதே நம்பர். கீழ என் தம்பி கையெழுத்து. நான் சிரிச்ச சிரிப்புல கவுண்டர்ல நிக்கிற பொண்ணு ஓடி வந்துட்டா. அவளை நீ பார்த்ததில்ல, வாயைத் திறந்தா வெடிக்கும், அதனால பட்டாசுன்னுதான் கூப்பிடறோம். அவகிட்ட சொன்னேன், இன்னைக்கே வாசல்ல எழுதி ஒட்டு, பழைய கேக் பெட்டி யார்கிட்ட இருந்தாலும் கொண்டுவந்து கொடுங்கன்னு.

நாலு மாசம் சேர்த்தேன். எங்க எங்கயோ இருந்து வந்தது தங்கம். தையல்காரர் பட்டன் போட்டு வச்சிருந்த பெட்டி, மருந்துக்கடைக்காரர் பழைய சீட்டு போட்டு வச்சிருந்தது, ஒரு வீட்டுல பூனை குட்டி போட்டிருந்த பெட்டி. ஒரு அம்மா தன் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை அதுல பத்திரமா வச்சிருந்தாங்களாம், போயிட்டார் அவர், கண்ணாடியை எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டு பெட்டியை மட்டும் என் கையில கொடுத்தாங்க. எதுக்குன்னு யாரும் கேக்கல, என் மூஞ்சியிலயே எழுதியிருந்திருக்கும் போல. ஒவ்வொண்ணையும் துடைச்சு, பின்கட்டுல கொடி கட்டி கிளிப் போட்டு காயவச்சேன். நம்பரையும் சீட்டையும் ஒத்துப் பார்க்கற வேலையை யார் செஞ்சதுன்னு நினைக்கறே, நடு மாடிக்காரர்தான். முதல் நாள் ஒரு சீட்டைக் கையில எடுத்துப் பார்த்தார், மச்சான் கையெழுத்தைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், அப்புறம் பென்சிலைச் சீவிட்டு உக்காந்துட்டார். மொத்தம் ரெண்டாயிரத்து நூத்திச் சொச்சம் பெட்டி. நம்பர் ஒத்துப்போகாத பெட்டி ஒண்ணே ஒண்ணு, அது வேற கடை பெட்டி, பூனை வீட்டுது.

அப்புறம் சரியான நாளுக்குக் காத்திருந்தேன். உன் அத்தை, உன் மாமா பொண்டாட்டி, பாவம் அவளுக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு நாள் பெருமையா போன் பண்ணினா, வர்ற வியாழக்கிழமை பெரிய பெரிய கம்பெனிக்காரங்க ஃபாக்டரி பார்க்க வர்றாங்க, பூமிக்குக் கெடுதல் இல்லாத பெட்டிதான் வேணும்னு தேடி வர்றாங்கன்னு. நல்லதும்மான்னேன். பால் சப்ளை பண்றவர் வேனைக் கேட்டு வாங்கினேன். நானும் பட்டாசும் முன்னாடி, உங்கப்பா பின்னாடி பெட்டிகளுக்கு நடுவுல. கேட்ல வாட்ச்மேன் என்னம்மா இதுன்னார். பெட்டி திருப்பிக் கொடுக்க வந்திருக்கேன்னேன். அப்படியெல்லாம் இங்க யாரும் கொடுத்ததே இல்லையேன்னார். அப்ப நான்தான் முதல் ஆள், இதைப் படிங்கன்னு அடிப்பக்கத்தைக் காட்டினேன். பாவம் எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு கேட்டைத் திறந்துட்டார். ஆபீஸ் வாசல்ல, அந்தப் பளிங்குப் படி பூரா, ஆள் உயரத்துக்கு அடுக்கினோம்.

அந்த நேரம் பார்த்து உன் மாமா ஏழெட்டுப் பேரோட வெளிய வந்தான். அதுல ஒரு அம்மா, ஏதோ சோப்புக் கம்பெனியில வாங்கற பொறுப்புல இருக்கறவங்க, வெள்ளை முடி, கையில ஒரு நோட்டு, நின்னு இது என்னன்னு கேட்டாங்க. உன் மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கே. ஆனா வாய் மட்டும் இனிப்பா பேசுது, எங்க அக்காங்க, கொஞ்ச நாளா அவங்களுக்கு மனசு சரியில்ல, நீங்க உள்ள வாங்கன்னு சொல்றான். முதல் தடவை என்னைத் திருடின்னான், ரெண்டாவது தடவை பைத்தியம்னான். சங்கத்துல ஒட்டிக்கிச்சே நாக்கு, அது அன்னைக்குக் கழண்டுச்சு. எனக்கு ஒரு பக்கெட் சுடுதண்ணி வேணும்னேன். அவன் ஆளுங்க யாரும் அசையல, வாட்ச்மேன்தான் டீ போடற இடத்துல இருந்து கொண்டுவந்து வச்சார். அந்த அம்மாவையே அடுக்குல இருந்து ஒரு பெட்டி எடுக்கச் சொன்னேன், எதை வேணாலும் எடுங்கன்னு. முக்கினேன். இது ஊற பத்து நிமிஷம் ஆகும், நீங்கள்லாம் பூமிக்காக வந்தவங்க, பத்து நிமிஷம் நிக்க மாட்டீங்களான்னேன். நின்னாங்க. அந்தப் பத்து நிமிஷத்துல உங்கப்பா ஒவ்வொரு சீட்டா அவங்க கையில கொடுத்து, இது இந்தப் பெட்டி நம்பர், இது இவர் கையெழுத்துன்னு லிஃப்ட் எப்படி வேலை செய்யுதுன்னு விளக்கற மாதிரி விளக்கினார். அப்புறம் நான் பெட்டியை எடுத்து ஒரு ஓரத்தைப் பிடிச்சு உரிச்சேன். அட்டை கூழா கீழ விழுந்தது, சவ்வு முழுசா, பெட்டி வடிவத்துலயே, என் கையில நின்னுது. ரெண்டு பக்கமும் இழுத்தேன். என் கை அகலத்துக்கு நீண்டுச்சே தவிர கிழியல. அந்த அம்மா அதை என்கிட்ட இருந்து வாங்கி, ஈரத்தோடயே நோட்டுக்குள்ள மடிச்சு வச்சுக்கிட்டு, உன் மாமா பக்கம் திரும்பி, நீங்க அனுப்பின சோதனைச் சான்றிதழ் எந்தப் பெட்டிக்கு வாங்கினதுன்னு கேட்டாங்க. அவன் உள்ள இருக்கு, ஃபைல்ல இருக்குன்னான். நான் ஃபைலைக் கேக்கல, எந்தப் பெட்டிக்குன்னு கேட்டேன்னாங்க. ஒவ்வொருத்தரா கார் ஏறிட்டாங்க. உன் மாமா என் பக்கத்துல வந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு, அக்கா, எதுவா இருந்தாலும் வீட்டுல பேசிக்கலாம்னான். நீ என்னைப் பத்திப் பேசின இடம் வீடு இல்லையேடான்னு கேட்டேன். வேன்ல வர்ற வழியெல்லாம் பட்டாசு விசில் அடிச்சுக்கிட்டே வந்தா. நான் அடிக்கல, எனக்கு அடிக்கத் தெரியாது, தெரிஞ்சிருந்தா அடிச்சிருப்பேன்.

அப்புறம் விஷயம் காட்டுத் தீயாப் பரவிடுச்சு. சங்க ஆள் புது ஸ்டிக்கரைக் கொண்டுவந்தார். உங்க செயலாளரே வந்து அந்தப் பசையைச் சுரண்டிட்டு அவர் கையால ஒட்டட்டும்னு திருப்பி அனுப்பினேன். வந்தார். சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு, வெயில்ல, முக்கால் மணி நேரம் சுரண்டினார். நான் உள்ள நின்னு கேக்குக்குப் பூ போட்டுக்கிட்டே பார்த்தேன், ஒரு டம்ளர் தண்ணிகூட நீட்டல. நான் இவ்வளவு மோசமானவளான்னு நீ நினைக்கலாம், நினைச்சுக்கோ. ஆனா ஒண்ணு உன்கிட்ட மறைக்கக் கூடாது. உன் மாமா ஃபாக்டரியில பாதி மெஷின் நின்னுபோச்சு, ஆளுங்களைக் குறைச்சான். பெட்டி மடிக்கற பிரிவுல இருந்த ஒரு பொம்பளை, என் வயசு இருக்கும், ஒரு நாள் கடைக்கு வந்து, அக்கா தம்பி சண்டையில என் வேலை போச்சு, உங்களுக்கு இப்ப திருப்தியான்னு கேட்டாங்க. இங்க வேலைக்கு வர்றீங்களான்னு கேட்டேன், நிஜமாவே ஆள் தேவைப்பட்டது. உங்க குடும்பத்து வேலையே எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டு, எதுவும் வாங்காம போயிட்டாங்க. அன்னைக்கு ரெண்டு கேக்குல சர்க்கரை போட மறந்தேன். அந்தப் பொம்பளை முகம் மட்டும் அப்பப்ப வரும். உன் மாமா முகம் வந்தா எனக்கு ஒண்ணும் ஆகறதில்ல.

இதுக்கு நடுவுல பெட்டிக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நிறைய பேரை வீட்டு டப்பாவையே கொண்டுவரச் சொல்லிட்டேன், பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் அது போதும், ஆனா பிறந்தநாள் கேக்கை எந்த டப்பாவுல வைக்கறது. வெறும் அட்டையில எண்ணெய் ஒட்டாத தாளை விரிச்சுக் கொடுத்தேன், ஒரு மூணு அடுக்குக் கேக் அடி பிஞ்சு வாசப்படியிலயே விழுந்து, அந்த வீட்டுக் குழந்தை அழுத அழுகைக்கு நான் அன்னைக்கே புதுசா ஒண்ணு செஞ்சு கையில ஏந்திக்கிட்டு நடந்து போய்க் கொடுத்தேன். எங்கயோ கடல் தாண்டி ஒரு கம்பெனி மண்ணுல மக்கற பெட்டி விக்கறாங்கன்னு வரவழைச்சா, பன்னிரண்டு பன்னிரண்டா பிளாஸ்டிக் தாள்ல சுத்தி அனுப்பியிருக்காங்க, நானும் பட்டாசும் அதைப் பிரிச்சுட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். இன்னொண்ணு மக்குமாம், ஆனா அதுக்குன்னு இருக்கற பெரிய ஆலைச் சூட்டுலதான் மக்குமாம், அந்த ஆலை இந்தப் பக்கம் எங்கயும் கிடையாதாம். இலை படம் போட்டதெல்லாம் மண்ணுக்குப் போற சரக்குன்னு நினைச்சது என் முட்டாள்தனம், இப்ப யார் என்ன கொண்டுவந்தாலும் முதல்ல பக்கெட்ல முக்கறேன், ஒரு துண்டை டீச்சர் குழியில புதைக்கறேன். டீச்சர் இப்ப நமக்கு சிநேகிதம். பாத்தியில கிடந்த சவ்வைப் பொறுக்க நாலு ஞாயித்துக்கிழமை நானும் மண்டி போட்டேன்.

அப்படி இருக்கறப்ப ஒரு பார்சல் வந்தது. பிரிச்சா ஒரு பெட்டி, பழுப்பு நிறம், இலையும் இல்ல பூவும் இல்ல. சக்கையைக் கெட்டியா அழுத்திச் செஞ்ச அடி, உள்ள பூச்சு கிடையாது, தனியா எடுத்துப் போடற மாதிரி ஒரு தாள் மட்டும். கூட சீட்டு எதுவும் இல்ல, ஆனா மடிப்பைப் பார்த்ததுமே யார் கைன்னு தெரிஞ்சுது. தூக்கிப் போடத்தான் போனேன். பட்டாசு, பார்க்கறதுல என்ன போச்சுன்னா. முக்கினோம், எல்லாம் கூழாச்சு, உரிக்க ஒண்ணும் இல்ல. கனமான கேக்கை ஒரு நாள் பூரா வச்சோம், அடி கறுக்கல, வளையல. டீச்சர் குழியில புதைச்சோம், பதினோரு வாரம் கழிச்சு நானே கையை விட்டுத் துழாவினேன், வெறும் மண்ணு. நல்ல பெட்டி தங்கம். நான் இத்தனை வருஷமா தேடின பெட்டி. அதைச் செஞ்சவன் அவன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. முன்னாடியே இதைச் செய்யத் தெரிஞ்சவன்தானே, எதுக்குடா என்னைத் தலைகுனிய வச்சேன்னு அந்தக் குழி மேல நின்னு கத்தினேன், டீச்சர் நான் கையைக் கழுவ தண்ணி ஊத்தினாங்க. வாங்கலன்னா குழந்தைங்க பாத்திக்கு துரோகம், வாங்கினா எனக்கு நானே துரோகம். மூணு நாள் யோசிச்சேன்.

வாங்கறேன்னு பட்டாசை விட்டு போன்ல சொல்லச் சொன்னேன், ஆனா ஒரு நிபந்தனை. டிரைவர் கொண்டுவரக் கூடாது, முதலாளியே செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கொண்டுவரணும், பின்கட்டு வழியா வரக் கூடாது, முன்வாசல்ல மத்தவங்க மாதிரி வரிசையில நிக்கணும். வந்தான். பெட்டிக் கட்டைத் தோள்ல வச்சுக்கிட்டு, பிரெட் வாங்கற ஆளுங்களுக்குப் பின்னாடி நின்னான். அவன் முறை வந்ததும் அக்கா பெட்டி வந்திருக்குன்னான். நான் எண்ணிப் பார்த்துட்டு சீட்டுல கையெழுத்துப் போட்டேன், நிமிரல. அடுத்த வாரமும் அப்படியே. அவன் வாயைத் திறக்கறதும், பெட்டி வந்திருக்குன்னு மட்டும் சொல்றதும், நான் கையெழுத்துப் போடறதும். நடுவுலதான் உனக்கு போன் பண்ணி அழுதிருக்கான். உன்கிட்ட அழுதவன் என்ன செஞ்சான்னு உன்கிட்ட சொன்னானா? அக்கா பேச மாட்டேங்கறான்னு மட்டும்தானே சொன்னான்? எனக்குத் தெரியும்.

நேத்து ஏழாவது செவ்வாய்க்கிழமை. கடையில கூட்டமே இல்ல. ஒரு பெரியவர் பிரெட்டுக்கு, ரெண்டு பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க கப் கேக்குக்கு, அப்புறம் உன் மாமா, அவனுக்குப் பின்னாடி குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஒரு அம்மா. அவன் முறை வந்தது. பெட்டிக் கட்டைக் கீழ வச்சான். பெட்டி வந்திருக்குன்னு சொல்லல. சங்கத்துல நான் சொன்னது பொய்க்கான்னான். உள்ள பிளாஸ்டிக்னு எனக்கு முதல் நாளே தெரியும், பயந்துட்டேன், உன்னை மாட்டிவிட்டேன், ஃபாக்டரி வாசல்ல உன்னைப் பைத்தியம்னு சொன்னேன், அதுவும் பொய்ன்னான். மெதுவா இல்ல, கடைக்கே கேக்கற மாதிரிதான் சொன்னான். நான் எத்தனையோ நாள் இதை மனசுக்குள்ள நடத்திப் பார்த்திருக்கேன், சங்கமே உக்காந்திருக்கும், செயலாளர் இருப்பார், ஊரே வாயைப் பொத்திக்கும். இங்க என்னடான்னா பெரியவருக்குக் காது மந்தம், என்னவாம்னு பட்டாசைக் கேக்கறார், அந்தப் பொண்ணுங்களுக்கு ஒண்ணும் புரியாம ஒருத்தி இன்னொருத்தியை இடிச்சுச் சிரிக்குது. ஒரு கேக்கைப் பெட்டியில வச்சு மூடற நேரம்தான் ஆச்சு எல்லாத்துக்கும். நான் பெட்டியை எண்ணினேன். ஒரு தடவை தப்பா எண்ணிட்டு மறுபடி எண்ணினேன். சீட்டுல கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அடுத்தவங்க வாங்கன்னேன். அவன் உடனே போகல, கொஞ்சம் நகர்ந்து அந்தக் குழந்தைக்காரம்மாவுக்கு வழி விட்டு ஓரமா நின்னான், நான் அவங்களுக்கு பிஸ்கட் எடுத்துக் கொடுத்து முடிக்கற வரைக்கும் நின்னான், அப்புறம் போயிட்டான்.

வயிறு குளிர்ந்துச்சான்னு கேட்டா, பாதி குளிர்ந்துச்சு. மீதி இன்னும் எரியுது, அதை அணைக்க எனக்கு அவசரம் இல்ல. நீ மாமாவோட பேசு, சிரி, உனக்கு அவன் மாமாதான், அதுக்கு நான் குறுக்க வர மாட்டேன். ஆனா என் சார்பா மன்னிப்புன்னு ஒரு வார்த்தை அவன்கிட்ட சொல்லிடாதே. எனக்காக இன்னொருத்தர் அந்த வார்த்தையைப் பேசினது ஒரு தடவை போதும். அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டான்னா, வர்ற செவ்வாய்க்கிழமைக்கு அம்பது பெட்டி கூட வேணுமாம்னு சொல்லு.

நீ உடம்பைப் பார்த்துக்கோ, மூணு வேளையும் உக்காந்து சாப்பிடு, நின்னுக்கிட்டே சாப்பிடறது சாப்பாடே இல்ல. எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்பவும் உண்டு, நீ நிக்கற இடம் உறுதியா இருக்கணும், உன் கூட நிக்கறவங்க உண்மையா இருக்கணும், அதுதான் என் வேண்டுதல். வீட்டு வாடகைப் பத்திரத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பொடி எழுத்தையெல்லாம் படி, மறந்துடாதே. உங்கப்பா இதைப் படிச்சுட்டு, ரொம்ப நீளம்னு சொல்லிட்டு, அங்க குளிர் எப்படின்னு கேக்கச் சொல்றார்.

எப்பவும் உன் நினைப்புல,
உன் அம்மா